முட்டம் பாறையில் தூண்டில்: அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள்

நாகர்கோவிலில் எனக்கு பைக் பழுதுபார்க்கும் கடை. சனிக்கிழமை அதிகாலை நாலரைக்குக் கிளம்பினால் ஐந்து மணிக்கு முட்டம் கலங்கரை விளக்கத்தின் பக்கம் போய்விடலாம். அங்குள்ள பாறைகளில் தூண்டில் போட ஆரம்பித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. மணல் கரையில் பழகியவர்கள் ‘அதேதானே’ என்று வந்து நிற்பதைப் பார்க்கிறேன். அதே இல்லை. மணலில் கால் தவறினால் முழங்கால் தண்ணீர். இங்கே தவறினால், அடுத்த அலை ஆளை எடுத்துச் சிப்பி ஒட்டிய பாறையில் தேய்க்கும்.

அதனால் முதல் வேலை, மேலே காய்ந்த இடத்தில் சும்மா உட்காருவது. அரை மணி நேரம், பையைத் திறக்காமல். பெரிய அலைகள் கூட்டமாக வரும். பத்து நிமிடம் குளம் மாதிரி கிடக்கும், அப்புறம் நாலைந்து சேர்ந்து ஏறும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குகிறவன் அந்தக் குளத்தை மட்டும்தான் பார்த்திருப்பான்.

என் மாமா கட்டுமரத்தில் போனவர். “மக்கா, முதல்ல பாறையைப் பாரு, கடலைப் பொறவு பாக்கலாம்” என்பார். ராத்திரி நடந்ததைப் பாறை சொல்லிவிடும். மழையே பெய்யாமல் மேல் குழிகளில் தண்ணீர் புதிதாக நின்றால், அலை அதுவரை வந்திருக்கிறது. குழி காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் இரண்டு மூன்று நாளாக வரவில்லை. பச்சைப் பாசியில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். ஏமாற்றுவது அதற்கு மேலே இருக்கும் கறுப்புப் பட்டை. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பாறைதான், ஒரு தெறிப்பு விழுந்தால் கண்ணாடி. நான் விழுந்த மூன்று தடவையும் கறுப்பில்தான். இப்போது கான்வாஸ் ஷூவின் மேல் தேங்காய்நார்க் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொள்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், பிடிக்கும்.

கடல் தண்ணீரின் ஏற்ற இறக்கம் நம் பக்கம் ஒரு மீட்டருக்குள்தான். அதை வைத்து நேரம் பார்ப்பதைவிட அலையைப் பார்ப்பதுதான் முக்கியம். காற்றே இல்லாத, வெயில் அடிக்கும் நாளிலும் கடல் திடீரென ஏறும். கள்ளக்கடல் என்பது அதைத்தான். எங்கோ தெற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயற்காற்றின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. 2024 மே மாதம் பக்கத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழுத்துக்கொண்டு போனது இதுதான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. முந்தின நாள் ராத்திரி போனில் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இருந்தால் வீட்டில் தூங்குங்கள்.

ஜூன், ஜூலையில் ஆசை காட்டும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை, மீன் விலை ஏறிவிடும். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பாறையில் நேராக மோதும் மாதங்களும் அவையே. நான் அக்டோபர் முதல் மார்ச் வரைதான் போவேன்.

சாமான் விஷயம். பதினோரு பன்னிரண்டு அடி ராடு, அரை மில்லிமீட்டர் தங்கூஸ் (நைலான் நரம்பு) போதும். எடைக்கு ஈயம் வாங்கிக் கட்டுப்படியாகாது, ஒரு காலைக்கு ஏழெட்டுக் குண்டு பாறை இடுக்கில் போய்விடும். நான் கடையில் கழற்றிப் போட்ட பழைய ஸ்பார்க் பிளக்கைக் கட்டுகிறேன். நுனியில் வளைந்திருக்கும் சின்னக் கம்பியைக் கொஞ்சம் நெம்பி, நூலை நுழைத்து, திரும்பத் தட்டி மூடினால் ஊசிக்காது மாதிரி ஆகிவிடும். பிளக்குக்குப் போகும் துண்டு மட்டும் மெல்லிய நரம்பாக, கால் மில்லிமீட்டரில் இருக்கட்டும். சிக்கினால் அது மட்டும் அறுந்து, தூண்டில் முள்ளும் மீனும் கைக்கு வரும். இரைக்குச் சாளைத் துண்டு, அல்லது கணவாய். கணவாய் முள்ளில் நன்றாக நிற்கும்.

தூர எறிய வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அடிவானத்துக்கு எறிகிறார்கள். பாரை மீன் வேட்டையாடுவது காலடியில், வெள்ளை நுரை முடிந்து நீலம் தொடங்கும் ஓரத்தில். கலவா மீன் இன்னும் கிட்டே, பொந்துக்குள் இருக்கும். கடித்தவுடன் இழுக்காவிட்டால் பொந்துக்குள் நுழைந்து செவுளை விரித்துக்கொள்ளும்.

எறிவதற்கு முன்னாலேயே மீனை எங்கே ஏற்றுவது என்று முடிவு செய்யுங்கள். இதை நான் கற்றது கேவலமான முறையில். மூன்றாவது வருடம், வசதியாக இருக்கிறதே என்று உயரமான பாறையில் நின்று எறிந்தேன். நல்ல பாரை மீன் மாட்டியது, நாலு கிலோ இருக்கும். தூக்கினால் நரம்பு அறும், இறங்கினால் அலை. இறங்கினேன். ஒரு அலை இடுப்பில் அடித்தது. ராடு போனது, முழங்காலில் ஏழு தையல். மீனும் போனது, சொல்ல வேண்டியதில்லை. இப்போது பக்கவாட்டில் சரிவாக இறங்கும் பாறையாகப் பார்த்து நிற்கிறேன். மீன் களைத்ததும், ஏறுகிற அலையோடு சேர்த்து அதை மேலே விடுவது. அலை வடியும்போது இழுக்காமல் நரம்பை விறைப்பாகப் பிடித்தால் மீன் பாறையில் தங்கிவிடும். அடுத்த அலைக்குள் நீண்ட கைப்பிடிக் கொக்கியால் எடுக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், பின்னாலேயே ஓடாதீர்கள்.

தனியாகப் போகாதீர்கள். லைஃப் ஜாக்கெட் போடுங்கள். ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேனை இறுக மூடி இருபது மீட்டர் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம், விழுந்தவருக்கு எறிய. விழுந்தால் அதே இடத்தில் ஏறப் பார்க்காமல் பாறையைவிட்டு வெளியே நீந்தி மிதக்க வேண்டும். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. போனில் இப்போதே ஏற்றிக்கொள்ளுங்கள்.

முள்ளைக் கழற்றும்போது ஓரா மீனைத் துணியால் பிடியுங்கள், அதன் முதுகு முள் குத்தினால் கை முழுக்கக் கடுக்கும். பாம்பு மாதிரி இருக்கும் அஞ்சாளை மீன் வந்தால் நரம்பை அறுத்துவிடுவது நல்லது. பேத்தை மீன் உப்பிக்கொண்டு வந்தால் கடலிலேயே போடுங்கள், விஷம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ரீலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பைப்பை வேகமாகத் திறக்காமல். வேகமாக அடித்தால் உப்பு பேரிங்குக்குள் போய்விடும். ஆறு மாதம் கழித்து கரகரவென்று சத்தத்தோடு என் கடைக்குத்தான் கொண்டுவருவீர்கள்.