ஒரே கணக்குக்கு இரண்டு விடை வருவது ஏன்? செயல்களின் வரிசையைப் படிப்படியாகக் கற்போம்

2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் சமூக ஊடகங்களில் சுற்றிய 8 ÷ 2(2 + 2) என்ற வரி, இன்றும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. விடை 16 என்று ஒரு கட்சியும், 1 என்று இன்னொரு கட்சியும் மல்லுக்கு நிற்கின்றன. இரண்டு கட்சியிலும் கூட்டலிலோ வகுத்தலிலோ தவறியவர் ஒருவரும் இல்லை. வரியை எப்படி வாசிப்பது என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள். அந்த வாசிப்பை அடியிலிருந்து கற்றுக்கொள்ள ஒரு தாள், ஒரு பேனா, கடைகளில் வைத்திருக்கும் சாதாரண கால்குலேட்டர், ஒரு கைப்பேசி ஆகியவை போதும்.

படி 1: இரண்டு கருவிகளில் ஒரே வரியைத் தட்டிப் பாருங்கள்

காசிமேட்டில் கூடை 1,800 ரூபாய் வீதம் மூன்று கூடை நெத்திலி எடுத்து, அதை மீன்பாடி வண்டியில் ஏற்றிவர 150 ரூபாய் கூலி கொடுக்கும் ஒரு வியாபாரியின் செலவை எடுத்துக்கொள்வோம். அதை 150 + 3 × 1800 என்று எழுதலாம். கைப்பேசியில் தட்டினால் 5,550 வரும். கடைக் கால்குலேட்டரில் அதே வரிசையில் தட்டினால் 2,75,400 வரும். இரண்டே முக்கால் லட்சத்துக்கு நெத்திலி வாங்க யாராலும் ஆகாது.

கடைக் கால்குலேட்டர் பழுதாகிவிடவில்லை. அது வரி முழுவதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பெருக்கல் பொத்தானை அழுத்திய கணமே, அதுவரை வந்த 150 + 3 என்பதை 153 என்று முடித்துவிட்டு, அந்த 153-ஐத்தான் 1800-ஆல் பெருக்குகிறது. விண்டோஸ் கணினியிலுள்ள கால்குலேட்டரும் ‘ஸ்டாண்டர்ட்’ நிலையில் இப்படித்தான் நடந்துகொள்ளும். ‘சயின்டிஃபிக்’ நிலைக்கு மாற்றினால் 5,550 என்று காட்டும்.

எம்.சி. ரோடு துணிக்கடைகளில் பில் போடுபவர்கள் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை, ஏனெனில் அவர்களின் விரல்கள், வந்த விடையை நினைவகத்தில் சேர்த்துவைக்கும் எம் பிளஸ் (M+) பொத்தானுக்குப் பழகியவை. நீங்களும் செய்து பாருங்கள். முதலில் நினைவகத்தை அழித்துவிட்டு, 3 × 1800 தட்டி எம் பிளஸ் பொத்தானை அழுத்துங்கள்; திரையின் ஓரத்தில் சிறிய எம் எழுத்து தோன்றும். பிறகு 150 தட்டி மறுபடியும் எம் பிளஸ் அழுத்துங்கள். கடைசியாக நினைவகத்தை வரவழைக்கும் பொத்தானை அழுத்தினால் 5,550 வந்து நிற்கும்.

படி 2: பெருக்கல் ஏன் கூட்டலை முந்துகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்பது இயற்கை விதி அன்று. மனிதர்கள் எழுதும் வசதிக்காகச் செய்துகொண்ட உடன்பாடு. ஆனால் அது காரணமில்லாத உடன்பாடும் அன்று. எந்தக் கடை பில்லை எடுத்தாலும் ஒவ்வொரு வரியும் விலை × அளவு என்று இருக்கும், அடியில் அவற்றின் கூட்டல் இருக்கும். பெருக்கல்களின் கூட்டலே நாம் அதிகமாக எழுதும் வடிவம் என்பதால், அதை அடைப்புக்குறி இல்லாமல் எழுதும் சலுகையை அதற்கே கொடுத்துவிட்டோம்.

படி 3: போட்மாஸை நான்கு மட்டங்களாக எழுதிக்கொள்ளுங்கள்

பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த போட்மாஸ் (BODMAS: அடைப்புக்குறி, அடுக்கு அல்லது ‘ஆஃப்’, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்), ஆறு எழுத்துகள் ஆறு படிகள் என்ற எண்ணத்தை விதைத்துவிடுகிறது. உண்மையில் இருப்பவை நான்கு மட்டங்கள்: முதலில் அடைப்புக்குறிக்குள் இருப்பவை, அடுத்து 2² போன்ற அடுக்குகள், அதன்பின் வகுத்தலும் பெருக்கலும் சரிசமமாக, கடைசியில் கூட்டலும் கழித்தலும் சரிசமமாக. ஒரே மட்டத்தில் இருப்பவற்றை இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான குழப்பத்தின் வேர் இதுதான். 24 ÷ 6 × 2 என்பதில் போட்மாஸின் எழுத்து வரிசைப்படி வகுத்தலை முதலில் செய்தால் 8 வருகிறது. இடமிருந்து வலமாகச் செய்தாலும் 8 வருகிறது. 24 × 6 ÷ 2 என்று மாற்றினாலும் இரண்டு வழியிலும் 72 தான். பெருக்கலும் வகுத்தலும் மட்டும் உள்ள எந்த வரியிலும் வகுத்தல்களை முதலில் முடித்துவிட்டால் விடை மாறாது. ஆகவே எழுத்து வரிசையே விதி என்று நம்பும் மாணவர், பல ஆண்டுகள் அந்த நம்பிக்கையோடு சரியான விடைகளையே எழுதிக்கொண்டு போகலாம்.

அந்த நம்பிக்கை கழித்தலில் கவிழ்கிறது. 10 − 4 + 3 என்பதில் கூட்டலை முதலில் செய்தால் 10 − 7, அதாவது 3. இடமிருந்து வலமாகச் செய்தால் 9. சரியான விடை 9. கையில் இருந்த பத்து ரூபாயில் நான்கைச் செலவழித்து, பிறகு மூன்று வந்தால் மீதம் எவ்வளவு என்று கேட்டால், யாரும் 3 என்று சொல்லமாட்டார்கள். அமெரிக்கப் பள்ளிகள் சொல்லிக்கொடுக்கும் பெம்டாஸ் (PEMDAS) என்ற சுருக்கெழுத்தில் பெருக்கலின் எழுத்து வகுத்தலுக்கு முன்னால் வருவதால், அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுபவர் 24 ÷ 6 × 2 என்பதிலும் சறுக்கி, 24 ÷ 12 = 2 என்று எழுதிவிடுவார். சுருக்கெழுத்து ஒரு நினைவூட்டல். அதையே சட்டமாக எடுத்துக்கொண்டவர்கள்தான் இரு நாட்டிலும் சண்டைக்கு வருகிறார்கள் என்பது என் கணிப்பு.

படி 4: ‘இல்’ வந்தால் அதை வட்டமிடுங்கள்

போட்மாஸின் இரண்டாம் எழுத்து, பல நாடுகளில் அடுக்கைக் குறிக்கிறது; நம் ஊர்ப் போட்டித் தேர்வுப் பயிற்சியில் அது பெரும்பாலும் ‘ஆஃப்’ (of), அதாவது தமிழில் ‘இல்’, என்றே சொல்லித்தரப்படுகிறது. குரூப் 4 தாளின் 200 வினாக்களில் திறனறிவுக்கென வரும் 25-இல் ‘சுருக்குக’ வகை வினாவும் இடம்பெறுவதுண்டு என்பதால், தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் அதற்குப் படிப்பவர்கள் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 60 ÷ 12-இல் 1/4 என்று வந்தால், ‘இல்’ இணைக்கும் பகுதியை முதலில் முடித்து, 12-இல் 1/4 என்பது 3, ஆகவே 60 ÷ 3 = 20 என்று எழுத வேண்டும். அதே இடத்தில் பெருக்கல் குறி இருந்திருந்தால், 60 ÷ 12 × 1/4 என்பதன் விடை 1.25 ஆகியிருக்கும்.

படி 5: குறியில்லாத பெருக்கலைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்

இப்போது 8 ÷ 2(2 + 2) வரிக்குத் திரும்பலாம். அடைப்புக்குறிக்குள் 4 என்பதில் இரு கட்சியும் ஒன்றுபடுகின்றன. மிஞ்சுவது 8 ÷ 2(4). இடமிருந்து வலமாகப் போனால் 4 × 4 = 16; 2(4) என்பதை ஒரே பொருளாகப் பிடித்தால் 8 ÷ 8 = 1.

அடைப்புக்குறியை முழுவதும் நீக்கிய பிறகே அடுத்த செயலுக்குப் போக வேண்டும் என்பது விடை 1 என்னும் கட்சியினர் வழக்கமாகச் சொல்லும் வாதம். அது நிற்காது; அடைப்புக்குறி விதி உள்ளே இருப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆனால் அவர்கள் சொல்லாத ஒரு நல்ல வாதம் அவர்கள் பக்கம் இருக்கிறது. சுற்றளவு 44 ஆக உள்ள வட்டத்தின் ஆரத்தை 44 ÷ 2π என்று எழுதினால், π-க்கு 22/7 வைத்து எல்லோரும் 7 என்றுதான் சொல்வார்கள். முதலில் 44-ஐ 2-ஆல் வகுத்து, பிறகு π-ஆல் பெருக்கி 69 சொச்சம் என்று எவரும் சொல்வதில்லை. குறியில்லாமல் ஒட்டி எழுதிய பெருக்கல் இறுக்கமாகப் பிணைந்தது என்ற வழக்கம் இயற்பியல் எழுத்தில் வெகுகாலமாக உண்டு.

கருவி செய்பவர்களே இதில் ஒருமித்து நிற்கவில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-82 குறியில்லாத பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுத்தது. அடுத்து வந்த டிஐ-83 கொடுக்கவில்லை. கேசியோவின் கிளாஸ்விஸ் வகைக் கால்குலேட்டர்கள், இப்படிப்பட்ட வரியில் தாமாகவே ஓர் அடைப்புக்குறியைச் செருகி, தாங்கள் எப்படி வாசித்தோம் என்று காட்டிவிடுகின்றன. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. எக்செல்லில் =-2^2 (^ என்பது அடுக்குக் குறி) என்று தட்டினால் 4 வருவதும், பைத்தான் நிரல் மொழியில் அதற்கு ஈடான -2**2 என்பதற்கு -4 வருவதும் இதே குடும்பத்துச் சிக்கல்தான்.

படி 6: ÷ குறியை எடுத்துவிட்டுக் கோடு போட்டு எழுதுங்கள்

1659-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்துக்காரரான யோகான் ரான் தம் இயற்கணித நூலில் வகுத்தலுக்குப் பயன்படுத்திய ÷ குறியை, கணிதக் குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தர ஆவணமான ஐஎஸ்ஓ 80000-2 இன்று தவிர்க்கச் சொல்கிறது. பின்னக் கோட்டில் மேலே உள்ளது முழுவதும் தொகுதி, கீழே உள்ளது முழுவதும் பகுதி. அந்தக் கோடே அடைப்புக்குறியின் வேலையைச் செய்துவிடுகிறது. (2 + 2) கோட்டுக்குக் கீழே இருந்தால் விடை 1, கோட்டுக்கு வெளியே பக்கத்தில் இருந்தால் 16. ஒரே வரியில் தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் (8 ÷ 2) × (2 + 2) என்றோ 8 ÷ (2 × (2 + 2)) என்றோ எழுதுங்கள்.

பயிற்சி

50 − 20 + 5, 36 ÷ 6 × 3, 90 ÷ 15-இல் 1/5, 12 ÷ 3(1 + 1) ஆகிய நான்கையும் செய்து பாருங்கள். முதலாவதற்கு 35, உங்களுக்கு 25 வந்திருந்தால் படி 3-க்குத் திரும்புங்கள். இரண்டாவதற்கு 18, மூன்றாவதற்கு 30. நான்காவதற்கு 8 என்றோ 2 என்றோ எழுதாமல், கேட்டவரிடமே தாளைத் திருப்பிக் கொடுத்து, எந்த இடத்தில் அடைப்புக்குறி போட நினைத்தார் என்று கேளுங்கள். தேர்வு அறையில் அப்படிக் கேட்க முடியாது என்பதால், கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் 8, 2 ஆகிய இரண்டில் ஒன்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வினா அமைத்தவர் எப்படி வாசித்தார் என்பதை அதுவே சொல்லிவிடும்.