எங்கள் ஆள் பெயர் எங்கே? ஆல்-கான்ஃபரன்ஸ் வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தேங்க்ஸ்கிவிங் வார இறுதியோடு வழக்கமான ஆட்டங்கள் ஏறக்குறைய முடிந்துவிடும். அடுத்த பத்துப் பதினைந்து நாளுக்குள் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் (தங்களுக்குள் மோதிக்கொள்ளும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) தன் ‘ஆல்-கான்ஃபரன்ஸ்’ அணியை அறிவிக்கும். பந்தை வீசும் குவார்ட்டர்பேக் இவர், அதைப் பிடிக்கும் ரிசீவர்கள் இவர்கள், பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துத் தள்ளும் பண்ட்டர் இவர் என்று இடத்துக்கு இடம் அந்த ஆண்டின் சிறந்தவர்களைத் தொகுத்த பட்டியல். முதல் அணி, இரண்டாம் அணி, சில கான்ஃபரன்ஸ்களில் மூன்றாம் அணி, அதற்கும் கீழே ‘ஹானரபிள் மென்ஷன்’ என்று ஓர் ஆறுதல் வரிசை. இந்த அணி எந்த மைதானத்திலும் இறங்கி ஆடப்போவதில்லை. காகிதத்தில் மட்டும் இருக்கிற அணி. அதற்காக நடக்கும் சண்டைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

நானும் போட்டிருக்கிறேன். ஒருமுறை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் தடுப்பு வரிசையில் ஆடும் ஒரு லைன்பேக்கருக்காக அரை மணி நேரம் வாதாடினேன். நண்பர் அவரை முதல் அணி என்கிறார், நான் இரண்டாம் அணி என்கிறேன். குரல் உயர்ந்து, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, கடைசியில் இருவரும் போனை எடுத்து நீட்டினால் அவர் கையில் இருந்தது கோச்சுகள் தேர்ந்தெடுத்த பட்டியல், என் கையில் இருந்தது ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் பட்டியல். இருவர் சொன்னதும் சரி. ஆறிப்போன சாதம்தான் மிச்சம்.

எந்தப் பட்டியல், யார் போட்ட ஓட்டு

இந்த வாதத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான் வீணாகிறது. எஸ்இசி (சவுத்ஈஸ்டர்ன்) கான்ஃபரன்ஸுக்கு ஆண்டு முடிவில் இரண்டு பட்டியல்கள் வரும். ஒன்று தலைமைக் கோச்சுகள் ஓட்டுப் போட்டது. இன்னொன்று அந்த அணிகளைப் பின்தொடர்ந்து எழுதும் செய்தியாளர்களைக் கொண்டு ஏபி எடுப்பது. பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸில் கோச்சுகள் தனியாகவும் ஊடகக்காரர்கள் தனியாகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏசிசி கான்ஃபரன்ஸில் இரு தரப்பையும் சேர்த்து ஒரே பட்டியல். ‘ஆல்-எஸ்இசி ஆட்டக்காரர்’ என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் கேட்க வேண்டியது, யாருடைய ஆல்-எஸ்இசி?

கோச்சுகளின் ஓட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு: தன் அணி ஆட்டக்காரருக்குத் தானே ஓட்டுப் போட முடியாது. 16 அணிகள் இருக்கும் எஸ்இசியில் ஒருவருக்கு அதிகபட்சம் 15 ஓட்டுதான் விழும். இது தெரியாமல் ‘சொந்தக் கோச்சே இவருக்குப் போடவில்லையாம்’ என்று கதை கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘கோச்சுகள் எல்லாரையும் களத்தில் நேரில் பார்த்தவர்கள், அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்பது அடுத்த தவறு. டெக்சஸும் ஓக்லஹோமாவும் 2024இல் சேர்ந்தபிறகு எஸ்இசியில் ஓர் அணிக்கு 15 சக அணிகள். அந்த ஆண்டு கான்ஃபரன்ஸுக்குள் ஆடியது 8 ஆட்டம். அப்படியானால் 7 அணிகளோடு அந்தக் கோச் மோதவே இல்லை. 18 அணிகளும் 9 ஆட்டமும் உள்ள பிக் டென்னில் மோதாத அணிகள் 8. மோதாத அணியின் முன்வரிசையில் நிற்கும் லெஃப்ட் கார்டைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? வீடியோ பார்த்திருக்கலாம், பெயர் கேள்விப்பட்டிருக்கலாம். அதற்காக செய்தியாளர்கள் உசத்தி என்றும் சொல்லவில்லை. அவர்களில் பலரும் சனிக்கிழமை முழுக்கத் தாங்கள் எழுதும் ஒரே அணியின் ஆட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் ஜூலை மாதப் பட்டியல். சீசன் தொடங்கும் முன்பே ‘ப்ரீ-சீசன் ஆல்-எஸ்இசி’ என்று ஒன்று வரும். அது வெறும் கணிப்பு. 2019இல் அதில் முதல் குவார்ட்டர்பேக் அலபாமாவின் டுவா டாகோவைலோவா. எல்எஸ்யூவின் ஜோ பரோ முந்தைய ஆண்டு 16 டச்டவுன் பாஸ் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி தேடித் தரும் வீச்சு) வீசியிருந்தார், அவ்வளவுதான். அதே 2019 முடிந்தபோது பரோவின் கணக்கு 60 டச்டவுன், 5,671 யார்டு, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை, தோல்வியே இல்லாத 15 ஆட்டம். ஜூலைப் பட்டியலை டிசம்பரில் ஆதாரமாகக் காட்டுகிறவரோடு வாதாடுவது வீண் வேலை.

எந்த ஆட்டம் வரைக்கும் கணக்கு

இதே 2019 எல்எஸ்யூ அணியின் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்துக்கொள்வோம். இன்று தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் மிகச் சிறந்த ரிசீவர்களில் ஒருவர். அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது ஆல்-எஸ்இசியில் இரண்டாம் அணி இடம்தான். ‘111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன், இவரையா இரண்டாம் அணியில் தள்ளினார்கள்?’ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

அந்த 18இல் நான்கு டச்டவுன் ஒரே ஆட்டத்தில் வந்தவை. ஓக்லஹோமாவுக்கு எதிரான பீச் பௌல் (வழக்கமான சீசனுக்குப் பிறகு நடக்கும் ‘பௌல்’ ஆட்டங்களில் ஒன்று), 2019 டிசம்பர் 28. நான்கும் முதல் பாதியிலேயே! மொத்தம் 14 கேட்ச், 227 யார்டு. ஆனால் ஆல்-எஸ்இசி பட்டியல் அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே வெளிவந்துவிட்டது. ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தின் 9 கேட்சும் 106 யார்டும் அதே போலத்தான். ஓட்டுப் போட்டவர்கள் முன்னால் இருந்தது 14 டச்டவுன் எடுத்த ஜெஃபர்சன். அதே அணியில் இன்னொரு ரிசீவராக ஜமார் சேஸ் வேறு. மொத்த சீசன் எண்ணைக் காட்டி டிசம்பர் ஓட்டைத் திட்டுவது, பரீட்சை முடிந்தபிறகு எழுதிய விடைக்கு மார்க் கேட்பது மாதிரி.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடும். பௌல் ஆட்டங்களின் எண்களைக் கல்லூரி விளையாட்டுகளின் அமைப்பான என்சிஏஏ அதிகாரபூர்வமாகச் சேர்க்க ஆரம்பித்ததே 2002இல்தான். 1988இல் பாரி சாண்டர்ஸ் ஓடிய 2,628 யார்டு 11 ஆட்டத்துக்கானது. ஹாலிடே பௌலில் ஓடிய 222 அதில் இல்லை. 2024இல் போய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்ட்டி 14 ஆட்டத்தில் 2,601 ஓடினார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறவர், ஆட்டங்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

லபக்கில் ஒரு சனிக்கிழமை இரவு

மொத்த எண்ணைப் பார்த்து மயங்குவது எல்லாருக்கும் வரும் வியாதி. அதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த மருந்து 2016 அக்டோபர் 22 ஆட்டம். டெக்சஸின் லபக் நகரில் ஓக்லஹோமாவும் டெக்சஸ் டெக்கும் மோதின. டெக்சஸ் டெக்கின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் அன்று பாஸில் மட்டும் 734 யார்டு எடுத்தார், ஓடியதையும் சேர்த்தால் 819. எதிரே பேக்கர் மேஃபீல்ட் 545 யார்டு, 7 டச்டவுன் பாஸ். இரண்டு அணிகளும் தலா 854 யார்டு, ஒரு யார்டு கூட வித்தியாசம் இல்லை. ஓக்லஹோமா 66–59 என்று ஜெயித்தது. டிஃபென்ஸ் என்று ஒன்று அன்று ஊரிலேயே இல்லை.

734 பெரிதா, 545 பெரிதா? மஹோம்ஸ் வீசியது 88 முறை, மேஃபீல்ட் வீசியது 36 முறை. ஒரு வீச்சுக்கு எத்தனை யார்டு என்று வகுத்தால் மஹோம்ஸுக்கு 8.3, மேஃபீல்டுக்கு 15.1. அந்த முழு ஆண்டும் கதை இதுதான். மஹோம்ஸ் 591 வீச்சில் 5,052 யார்டு, 41 டச்டவுன், அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக பாஸிங் யார்டு. மேஃபீல்ட் 358 வீச்சில் 3,965 யார்டு, 40 டச்டவுன். (மேஃபீல்டின் கணக்கில் ஷுகர் பௌலும் இருக்கிறது. இப்போதுதான் நானே சொன்ன தவறை நானே செய்யக் கூடாது இல்லையா? அதைக் கழித்தாலும் வீச்சுக்கு 11 யார்டுக்குக் கீழே அவர் இறங்கவில்லை.) ஓக்லஹோமா தன் பிக் 12 கான்ஃபரன்ஸில் ஒன்பது ஆட்டத்தையும் ஜெயித்தது. டெக்சஸ் டெக் 5–7இல் முடித்தது. முதல் அணி மேஃபீல்டுக்கு, இரண்டாம் அணி மஹோம்ஸுக்கு. எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை.

‘மூன்று சூப்பர் பௌல் ஜெயித்தவர் இரண்டாம் அணியா?’ என்று இப்போது கேட்பது சுலபம். ஆல்-கான்ஃபரன்ஸ் பட்டியல் எதிர்காலத்தைக் கணிக்கும் ஜாதகம் இல்லை. அந்த மூன்று மாதம் கல்லூரி மைதானத்தில் என்ன நடந்தது என்பது மட்டும்தான் அதன் கேள்வி. ஒருவருடைய கை எவ்வளவு வலுவானது, என்எஃப்எல்லில் எடுபடுமா என்பதெல்லாம் டிராஃப்ட் (என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) பார்ப்பவர்களின் வேலை. அவர்களுக்கும் தப்பும்: 2020 டிராஃப்டில் ஜெஃபர்சனுக்கு முன்னால் நான்கு ரிசீவர்களின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தோற்கும் அணியில் இருப்பவருக்கு ஓட்டுக் குறைவாக விழுவது உண்மை, அது பல சமயம் அநியாயமும் கூட. அதைச் சரிசெய்கிறேன் என்று ‘எங்கள் காலேஜுக்கு ஒன்றாவது கொடுத்திருக்கலாமே’ என்று கேட்பது இன்னொரு தவறு. இது ஊருக்கு ஒரு பிரதிநிதி அனுப்பும் சபை இல்லை.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் விதி

கல்லூரி ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக்கை மடக்கிச் சாய்த்தால், அதாவது ‘சாக்’ செய்தால், இழந்த யார்டு அவருடைய ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும். என்எஃப்எல்லில் அப்படி இல்லை, அங்கே அணியின் பாஸிங் கணக்கில் கழியும். பத்து முறை ஓடி 70 யார்டு எடுத்தவர், நான்கு சாக்கில் 30 இழந்தால் ஏட்டில் ‘14 ஓட்டம், 40 யார்டு’ என்று ஏறும். அந்த 40ஐப் பார்த்து ‘இவருக்கு ஓடத் தெரியாது’ என்றால், ஆட்டத்தைப் பார்த்தவர் சிரிப்பார்.

டாக்கிள் (பந்தோடு ஓடுபவரைச் சாய்ப்பது) எண்ணிக்கையையும் அதிகம் நம்ப வேண்டாம். மைதானத்தில் சொந்த ஊர் அணியின் ஆட்கள் உட்கார்ந்து குறிப்பது அது. இருவர் சேர்ந்து ஒருவரைச் சாய்த்தால் யாருக்கு முழுக் கணக்கு, யாருக்குப் பங்கு என்பது அவர்கள் கண்ணைப் பொறுத்தது. சாக் எண்ணோ 2000ஆம் ஆண்டிலிருந்துதான் என்சிஏஏ ஏட்டில் அதிகாரபூர்வமாக ஏறுகிறது. அதனால்தான் 2002இல் டெரல் சக்ஸ் எடுத்த 24 சாக் சாதனையாக நிற்கிறது, 1988இல் அலபாமாவின் டெரிக் தாமஸ் எடுத்த 27 அந்த ஏட்டில் இல்லை.

ரிசீவர்களைக் காவல் காக்கும் கார்னர்பேக்கில் நிலைமை தலைகீழ். நன்றாக ஆட ஆட எண் குறையும். சின்சினாட்டியின் சாஸ் கார்ட்னர் 2021இல் பிடித்த இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது) மூன்றுதான். அவர் பக்கம் பந்து வீசவே எதிரணிகள் தயங்கின. கல்லூரிக் காலம் முழுவதும் அவர் காவல் காத்த ரிசீவர் ஒருவர்கூட அவரைத் தாண்டி டச்டவுன் எடுத்ததில்லை. மூன்று என்ற எண்ணை மட்டும் வைத்து ஏழு பிடித்தவரைத் தூக்கிப் பிடிப்பவர் ஒன்றைக் கேட்க வேண்டும்: ஏழு பிடித்த அந்த ஆளின் பக்கம் பந்து ஏன் அவ்வளவு வந்தது?

பண்ட்டர்களைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை, ஐயோவாக்காரர்களைத் தவிர. மெல்பர்னிலிருந்து வந்த டோரி டெய்லர் 2023இல் 93 முறை உதைத்து 4,479 யார்டு எடுத்தார், ஒரு சீசனில் அதிகபட்சம். அத்தனை முறை உதைக்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஐயோவாவின் ஒஃபென்ஸ், அது வேறு கதை. பார்க்க வேண்டியது சராசரி, அவருக்கு 48.2. அதைவிட முக்கியம் நிகர சராசரி. தன் 40 யார்டு கோட்டிலிருந்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி விழும்படி உதைத்தால் ஏட்டில் 60 யார்டு. ஆனால் பந்து எதிரணியின் 20க்கு வந்துவிடும், உண்மையில் கிடைத்தது 40தான்.

முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஒஃபென்சிவ் லைன்காரர்களுக்கோ அதிகாரபூர்வமான எண்ணே கிடையாது. அங்கே பழைய பெயர்தான் பேசும். முந்தைய ஆண்டு முதல் அணியில் இருந்தவர் இந்த ஆண்டு பாதி ஆட்டம் காயத்தில் உட்கார்ந்தாலும் ஓட்டு வாங்கிவிடுவார். இந்த இடத்தில் உங்கள் ஆளுக்கு அநியாயம் நடந்தது என்று நீங்கள் சொன்னால் பெரும்பாலும் நம்புவேன்.

கட்டங்களும் ஆட்களும்

பட்டியலில் இருப்பது கட்டங்கள். ஆட்டக்காரர்கள் அதற்குள் அடங்க வேண்டும், எல்லாரும் அடங்குவதில்லை. 2019இல் கென்டக்கியின் குவார்ட்டர்பேக்குகள் காயமடைந்தபோது ரிசீவர் லின் பௌடனை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அவர் 1,468 யார்டு ஓடினார். ரிசீவர் என்றால் கேட்ச் போதாது, குவார்ட்டர்பேக் என்றால் பாஸ் போதாது. எல்லா வேலையும் செய்பவர்களுக்கு ‘ஆல்-பர்ப்பஸ்’ என்ற கட்டம் இருந்ததால் முதல் அணிக்கு வந்தார். 2024இல் கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் 96 கேட்ச் பிடித்து, 15 டச்டவுனும் எடுத்துவிட்டு, பிக் 12இன் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருதையும் கொண்டுபோனார். ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ரஷரைச் சில பட்டியல்கள் டிஃபென்சிவ் லைனில் வைக்கும், சில லைன்பேக்கரில் வைக்கும். உங்கள் ஆள் பெயரைக் காணோம் என்று கத்துவதற்கு முன் பக்கத்துக் கட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓட்டு சமமாக விழுந்தால் சில பட்டியல்களில் இருவரையும் சேர்த்தே போட்டுவிடுவார்கள். அதனால் முதல் அணியில் எண்ணிப் பார்த்து 12 பேர் இருந்தால் உங்கள் எண்ணிக்கை தப்பில்லை. பெயர் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும், பாருங்கள்.