கடற்பனிக்கு அடியில் ஒளியை அளக்க வடகடலில் பழகும் முறை

துருவக் கடலில் உறைந்து கிடக்கும் பனியின் வழியே எவ்வளவு வெளிச்சம் கீழே இறங்குகிறது என்பதை அளக்கப் போகும் மாணவர், அந்த வேலையின் பெரும்பகுதியை நம் மீனவர்கள் வடகடல் என்று சொல்லும் பாக் விரிகுடாவில், மண்டபத்திலோ தொண்டியிலோ ஒரு வத்தையில் (சிறு படகில்) உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம். நம் கரையில் கடற்புல் தரைக்கு இறங்கும் ஒளியை அளப்பதற்கும், அண்டார்க்டிகாவில் இந்தியாவின் ஆய்வு நிலையமான பாரதியை ஒட்டிய கடற்பனியின் அடியில் ஒளியை அளப்பதற்கும் கருவி ஒன்று, கணக்கு ஒன்று, செய்யக்கூடிய பிழைகளும் பெரும்பாலும் ஒன்றே. அங்கே பனியின் அடிப்பரப்பில் ஒட்டி வளரும் நுண்பாசியைக் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிர் மேய்கிறது. இங்கே கடற்புல்லை நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு மேய்கிறது. இரண்டு மேய்ச்சலும் மேலிருந்து வடிந்து வரும் ஒளியையே நம்பியிருப்பதால், இந்த அளவை அக்கறையோடு எடுக்க வேண்டும் என்று நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒளியுணரிகள் இரண்டு வேண்டும். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வினாடியில் இத்தனை மைக்ரோமோல் என்று காட்டும் உணரியாக அவை இருக்கட்டும். லக்ஸ் கணக்கில் காட்டும் மலிவான பதிவுக்கருவி மனிதக் கண்ணை அளவுகோலாகக் கொண்டது. ஆழம் கூடக்கூட ஒளியின் நிறமே மாறுவதால், அதன் எண்ணை ஒரே ஒரு பெருக்கெண்ணால் மாற்றிவிட முடியாது.

ஓர் உணரி நீருக்குள் இறங்கும். மற்றொன்று மேலே, எதன் நிழலும் படாத இடத்தில், வேலை முடியும் வரை பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டின் கடிகாரங்களையும் கரையிலேயே வினாடி பிசகாமல் ஒன்றாக வைத்துவிடுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெளிந்த வெயிலில் ஒரு மீட்டர் ஆழத்தில் 900 என்றும் மூன்று மீட்டரில் 300 என்றும் உணரி காட்டுவதாகக் கொள்வோம். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, வரும் ஈவின் இயல் மடக்கையை (ln) ஆழ வேறுபாடான 2 மீட்டரால் வகுத்தால், ஒளி தேயும் கெழு, அதாவது ஆழத்தோடு ஒளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் காட்டும் எண், மீட்டருக்கு 0.55 என்று கிடைக்கும். உணரி கீழே இறங்கும் அந்த ஒரு நிமிடத்தில் மேகம் ஒன்று கடந்து பாதி ஒளியை மறைத்துவிட்டால், மூன்று மீட்டரில் 150 என்றே தெரியும்; கெழுவோ 0.90 ஆகிவிடும். கலங்காத கடலைக் கலங்கியதாக எழுதிவிடுவோம். நான் பழகத் தொடங்கிய காலத்தில் மேல் உணரி இல்லாமல் எடுத்த ஒரு நாள் அளவு முழுவதையும் இப்படித்தான் கைவிட நேர்ந்தது.

அடுத்தது நிழல். எஞ்சினை நிறுத்தி, நங்கூரம் போட்டு, வத்தை காற்றுக்குத் திரும்பி அசையாமல் நின்ற பிறகு, வெயில் விழும் பக்கத்தில் ஒரு நீண்ட மூங்கில் கம்பை நீட்டி அதன் நுனியிலிருந்து உணரியை இறக்க வேண்டும். "நிழலு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டுக் கம்பை நீட்டுங்க தம்பி" என்று பாம்பனில் ஒரு மூத்த மீனவர் சொன்னதை விட நல்ல விதி எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. நம் கரை ஏறக்குறைய 9 பாகை வட அகலாங்கில் இருப்பதால், சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆனி மாத நண்பகலில் வத்தையின் நிழல் தெற்கே விழும். பாரதி நிலையத்திலும் நண்பகல் சூரியன் வடக்கேதான் என்பதால் இந்தப் பழக்கம் அங்கே நேராக உதவும். ஆர்க்டிக்கில், நார்வேயின் நை ஆலசுண்டில் உள்ள இந்தியாவின் ஹிமாத்ரி நிலையத்துக்குப் போகிறவர் மட்டும் திசையை மாற்றி எண்ணிக்கொள்ள வேண்டும்.

உணரியின் முகம் மட்டமாக இருக்கிறதா என்பதில் நம் வெயில் நமக்குத் தாராளமாகவே சலுகை தருகிறது. சூரியன் 80 பாகை உயரத்தில் இருக்கும்போது முகம் 5 பாகை சாய்ந்தால் நேர்வெயில் அளவில் வரும் பிழை 2 விழுக்காட்டுக்குள்தான். துருவத்தில் சூரியன் 20 பாகை உயரத்தில் இருக்கும்போது அதே சாய்வு 24 விழுக்காடு வரை பிழை தரும். ஆகவே இங்கே தேவையில்லை என்று தோன்றினாலும், ஒவ்வொரு முறையும் ரசமட்டம் வைத்துச் சரிபார்க்கும் வழக்கத்தை இங்கேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

நீரில் இறக்கும்போது அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை நிமிடமாவது காத்திருங்கள். அலை ஒளியைக் குவித்தும் சிதறடித்தும் விளையாடுவதால் சராசரிதான் நம்பத்தக்கது. காற்றில் அளவீடு செய்யப்பட்ட உணரி நீருக்குள் குறைவாகவே காட்டும் என்பதால், தயாரிப்பாளர் தரும் திருத்த எண்ணால் (இது பெரும்பாலும் 1.3ஐ ஒட்டி இருக்கும்) பெருக்க மறக்கக் கூடாது. பருவத்தையும் பாருங்கள். வாடை என்னும் வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கலங்கி நிற்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றின் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். அந்த வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டி அளப்பதானால் வனத்துறையின் அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

இனிப் பனிக்கு வருவோம். அங்கே வத்தையின் இடத்தில் நிற்பது நீங்கள் போடும் துளை. துளை வழியே இறங்கும் வெளிச்சம் அடியில் உள்ள எல்லாவற்றையும் விடப் பிரகாசமானது என்பதால், உணரியைத் துளைக்கு நேர்கீழே தொங்கவிட்டால் பனியை அளக்கவில்லை, துளையைத்தான் அளக்கிறோம். முழங்கை போல மடியும் குழாயை நேராக இறக்கி, பனியின் அடியைத் தாண்டியதும் மடக்கி, உணரி துளையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, சூரியன் இருக்கும் திசையில் நிற்குமாறு செய்ய வேண்டும். அளவிடும் இடத்துக்கு மேலே, கடற்பனியின் மீது விழுந்து கிடக்கும் வெண்பனியை யாரும் மிதிக்கக் கூடாது. துளைக்கு வருவதும் போவதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவே இருக்கட்டும். துளையில் சேரும் பனிக்கூழை ஜல்லிக்கரண்டி போன்ற ஒன்றால் அள்ளிவிட்டு, துளையின் வாயை மறைத்த பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும். வெண்பனியின் தடிமன், கடற்பனியின் தடிமன் ஆகியவற்றை ஒளி அளந்து முடிந்த பின்னர்தான் எடுக்க வேண்டும், ஏனெனில் அளவுகோல் குத்திய பனி மீண்டும் பழைய பனி ஆகாது.

அந்த வெண்பனியின் மீது ஏன் இவ்வளவு கவனம் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. மேலே 1000 அளவு ஒளி விழுகிறது. புதுப்பனி 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிட, 200 உள்ளே நுழைகிறது. வெண்பனியின் தேய்வுக் கெழு மீட்டருக்கு 10 என்று கொண்டால், 10 சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டி 74 மிஞ்சும்; கெழு 1.5 உள்ள ஒன்றரை மீட்டர் கடற்பனியையும் கடந்து அடியில் சேர்வது 8ஐ ஒட்டித்தான். வெண்பனி மட்டும் 30 சென்டிமீட்டராக இருந்தால் அது 1 ஆகச் சுருங்கிவிடும். ஒன்றரை மீட்டர் கெட்டிப் பனி செய்யும் தடையை, மேலே பஞ்சு போலக் கிடக்கும் ஒரு சாண் பனியே செய்துவிடுகிறது. உங்கள் காலணித் தடம் ஒன்று எதைக் கெடுக்கும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

கரைக்குத் திரும்பியதும் உணரியின் வெள்ளை வில்லையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நம் கடலில் சில நாள் தொங்கவிட்ட உணரியில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வழவழப்பு படிந்திருக்கும். பழுப்பேறிய புல் இலையின் மேல் தடவினால் தட்டுப்படும் அதே பாசிப்படலம்தான் அது. நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, துடைப்பதற்கு முன்னும் பின்னும் அதே வெயிலில் காட்டிய எண்கள் இரண்டையும், அன்றைய காற்று, மேகம், நேரம் ஆகியவற்றோடு பென்சிலால் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்; பேனா மை உப்புநீரில் கரையும், பனியில் உறையும்.