முருங்கைக்கீரையா, தண்டுக்கீரையா: இரு கீரைகளின் சத்தை ஒப்பிடும் முறை

மொரீசியஸ் சந்தைகளில் ப்ரெட் முரூம் என்று கேட்டால் முருங்கைக்கீரையும், ப்ரெட் மல்பார் என்று கேட்டால் தண்டுக்கீரையும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கி, மீனும் இறைச்சியும் சமையலறையிலிருந்து விடைபெறும் நாள்களில், இவ்விரண்டில் எது சத்து மிகுந்தது என்ற கேள்வி வீடுகளில் தவறாமல் எழுகிறது. பெரும்பாலோர் யோசிக்காமல் முருங்கை என்று சொல்லிவிடுவார்கள். அந்த விடை பாதி சரி. எந்தச் சத்தைப் பார்க்கிறோம், கீரை எந்த நிலையில் இருக்கிறது, உண்மையில் எவ்வளவு உண்கிறோம் என்பவற்றை முதலில் வரையறுத்துக்கொள்ளாவிட்டால், ஒரே ஊட்டச்சத்து அட்டவணையை வைத்துக்கொண்டே ஒருமுறை முருங்கையையும் மறுமுறை தண்டுக்கீரையையும் வெற்றிபெறச் செய்துவிடலாம்.

முதலில் எந்தெந்தச் சத்துகளை ஒப்பிடுவது என்று முடிவுசெய்து கொள்ளுங்கள். கீரையை யாரும் கலோரிக்காக உண்பதில்லை. ஆகவே ஆற்றல் அளவைப் பார்த்து நேரத்தைச் செலவிட வேண்டாம். இரும்பு, கால்சியம், வைட்டமின் ஏ, வைட்டமின் சி ஆகிய நான்கும் போதும். சைவ விரதம் இருப்பவர்கள் புரதத்தையும், கருவுற்ற பெண்கள் ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினையும், சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இருபது சத்துகளை வரிசைப்படுத்தி எது அதிக இடங்களில் முந்துகிறது என்று எண்ணுவது வீண் வேலை. மாங்கனீசில் முந்துவதும் இரும்பில் முந்துவதும் உடலுக்கு ஒன்றல்ல.

அடுத்து, இரண்டு கீரைகளுக்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்துங்கள். வேறு எந்த விதியை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. பச்சை முருங்கைக்கீரை 100 கிராமில் உள்ள கால்சியத்தை அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை 185 மில்லிகிராம் என்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணை 314 என்கிறது. அதே நிறுவனத்தின் பழைய நூலில் 440 என்று இருந்தது. வைட்டமின் சி-யும் அப்படியே: அமெரிக்க அட்டவணையில் ஏறத்தாழ 52 மில்லிகிராம், இந்தியாவின் 2017 அட்டவணையில் 108, பழைய நூலில் 220. இவற்றில் ஒன்று பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. மண், மரத்தின் வகை, இலையின் முதிர்ச்சி, பறித்தபின் கழிந்த நேரம், ஆய்வுக்கூடத்தின் முறை ஆகிய எல்லாமே எண்ணை மாற்றும். முருங்கைக்குப் பழைய இந்திய எண்ணையும் தண்டுக்கீரைக்கு அமெரிக்க எண்ணையும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால், நாம் அளப்பது கீரைகளின் வேறுபாட்டையா அட்டவணைகளின் வேறுபாட்டையா என்பது தெரியாமலே போய்விடும். வாட்ஸ்அப்பில் உலவும் முருங்கைப் புகழுரைகளில் பாதி இப்படிப் பிறந்தவையே.

வைட்டமின் ஏ-வை ஒப்பிடும்போது அலகையும் கவனியுங்கள். கீரையில் இருப்பது பீட்டா கரோட்டின். உடல்தான் அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. பழைய முறை 6 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினை ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-வுக்குச் சமமாகக் கொண்டது. புதிய முறை 12-ஐக் கொள்கிறது. ஒரு கீரைக்குப் பழைய அலகும் மற்றொன்றுக்குப் புதிய அலகும் வந்துவிட்டால், இல்லாத இருமடங்கு வேறுபாடு தோன்றும்.

இனி எண்களுக்கு வருவோம். அமெரிக்க அட்டவணையின்படி, பச்சையாக 100 கிராம் முருங்கைக்கீரையில் புரதம் 9.4 கிராம், இரும்பு 4 மில்லிகிராம், கால்சியம் 185 மில்லிகிராம், வைட்டமின் சி 52 மில்லிகிராம், வைட்டமின் ஏ 378 மைக்ரோகிராம். அதே எடை தண்டுக்கீரையில் புரதம் 2.5 கிராம், இரும்பு 2.3 மில்லிகிராம், கால்சியம் 215 மில்லிகிராம், வைட்டமின் சி 43 மில்லிகிராம், வைட்டமின் ஏ 146 மைக்ரோகிராம். ஃபோலேட்டில் தண்டுக்கீரை 85 மைக்ரோகிராமும் முருங்கை 40-ம் கொண்டிருக்கின்றன. இத்துடன் நிறுத்திக்கொண்டால், கால்சியத்திலும் ஃபோலேட்டிலும் தவிர மற்றவற்றில் முருங்கையே மேல்.

நிறுத்திக்கொள்ளக்கூடாது. தண்டுக்கீரையில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு நீர். முருங்கையில் 79 பங்குதான். அதாவது 100 கிராம் முருங்கையில் நீர் நீங்கலாக 21 கிராம் பொருள் இருக்கிறது, தண்டுக்கீரையில் 8 கிராம் மட்டுமே. முருங்கை முந்துவதற்கு அதன் நீர்க்குறைவும் ஒரு காரணம். நீரைக் கழித்துவிட்டு 10 கிராம் உலர்பொருளுக்குக் கணக்கிட்டால், முருங்கையில் இரும்பு 1.9 மில்லிகிராம், தண்டுக்கீரையில் 2.8, வரிசை தலைகீழாகிவிடுகிறது. புரதத்தில் மட்டும் முருங்கை தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை: 4.4 கிராமுக்கு எதிரே 3 கிராம்.

பச்சைக் கீரையின் எண்களை வைத்துக்கொண்டு சமைத்த கீரையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதும் பெரிய தவறு. வேகவைத்து நீரை வடித்த நிலைக்கு அதே அட்டவணை தரும் எண்களைப் பாருங்கள்: 100 கிராமுக்கு முருங்கையில் இரும்பு 2.32 மில்லிகிராம், தண்டுக்கீரையில் 2.26. பச்சையில் தெரிந்த பெரிய இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. வைட்டமின் சி-யில் முருங்கை 31-க்கு இறங்க, தண்டுக்கீரை 41-இல் நிற்கிறது. வைட்டமின் ஏ-யில் முருங்கை 351-உடன் தெளிவாக முந்துகிறது, தண்டுக்கீரைக்கு 139. நம் வீடுகளில் கீரையைப் புயோனாக, அதாவது நீர்த்த சாறாக வைத்துச் சோற்றோடு ஊற்றிக்கொள்வது வழக்கம் என்பதால், நீரில் கரைந்து இறங்கும் பொட்டாசியமும் வைட்டமின் சி-யில் வெப்பத்துக்குத் தப்பிய பகுதியும் சாற்றிலேயே கிடைத்துவிடும். வடித்த கீரைக்கான எண் புயோனுக்கு அப்படியே பொருந்தாது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். கீரை பச்சை நிறம் மாறாதிருக்கச் சமையல் சோடா இடுவோர் உண்டு. நிறம் காக்கப்படும், வைட்டமின் சி-யின் இழப்போ கூடும்.

பிறகு தராசை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் நாம் வாங்குவது கட்டு. அட்டவணை பேசுவதோ உண்ணத்தக்க பகுதி. கட்டை அப்படியே நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு, முருங்கையில் நடுக்காம்பை ஒரு கையால் பிடித்து மறு கையின் இரு விரல்களால் இலைகளை உருவி எடுத்து, உருவிய இலையை மட்டும் மறுபடி நிறுங்கள். தண்டுக்கீரையில் ஒடித்தால் நறுக்கென்று முறியும் தண்டு உணவில் சேரும். நாராகத் தொங்கும் அடிப்பகுதி சேராது. எடுத்துக்காட்டாக, இரண்டும் 300 கிராம் கட்டு, கட்டு 30 ரூபாய், உருவியபின் முருங்கையில் 150 கிராமும் தண்டுக்கீரையில் 240 கிராமும் தேறின என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் முருங்கை இலைக்கு 20 ரூபாயும் தண்டுக்கீரைக்கு 12 ரூபாய் 50 சதமும் ஆகிறது. வீட்டுக் கொல்லையில் மரம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. சூறாவளி அடித்துச் சந்தையில் கீரை விலை ஏறிக் கிடக்கும் வாரங்களில் அவர்களே பாக்கியசாலிகள். முருங்கைக் கொத்தைத் துணியில் சுற்றி இரவு முழுவதும் வைத்தால் காலையில் இலை தானாக உதிரும் என்பது உண்மைதான். வாடுந்தோறும் வைட்டமின் சி குறையும் என்பதும் உண்மை. அந்தச் சத்துக்காக உண்பவர்கள் பறித்த அன்றே உருவிவிடுவது நல்லது.

தராசு காட்டும் மற்றொன்று, தட்டில் விழும் அளவு. புயோன் ஒரு கிண்ணத்தில் மிதக்கும் முருங்கை இலை, பச்சை எடையில் 40 கிராம் இருந்தால் அதிகம். அதில் கிடைக்கும் இரும்பு ஏறத்தாழ 1.6 மில்லிகிராம். தண்டுக்கீரையோ வாணலியில் வதங்கிச் சுருங்குவதால், தூஃபேயாக, அதாவது வதக்கலாகச் செய்த 120 கிராமை ஒருவர் எளிதில் உண்டுவிடுவார், அதில் 2.7 மில்லிகிராம் வருகிறது. 19 முதல் 50 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராமும் ஆணுக்கு 8 மில்லிகிராமும் இரும்பு வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. இந்த அளவோடு வைத்துப் பார்த்தால், எந்தக் கீரையும் தனித்து இரும்புத் தேவையை நிறைவேற்றாது என்பது விளங்கும். விரத நாள்களில் பருப்பும் பயறும் தட்டில் இருக்க வேண்டும்.

உண்டதெல்லாம் உடலில் சேர்வதில்லை என்பதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். தண்டுக்கீரை ஆக்ஸலேட் மிகுந்த கீரை; இந்த இயற்கை வேதிப்பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலிலிருந்து நூற்றுக்கு 28 பங்கு அளவில் கால்சியம் உறிஞ்சப்பட்டபோது, தண்டுக்கீரையின் உறவான பாலக்கிலிருந்து 5 பங்கு மட்டுமே உறிஞ்சப்பட்டதாக 1988-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே தண்டுக்கீரையின் 215 மில்லிகிராமை முழுமையாக வரவு வைக்காதீர்கள். கால்சியத்தில் அது முருங்கையை வென்றதாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. இரும்பைப் பொறுத்தவரை, கூட உண்ணும் வைட்டமின் சி உதவும், தேநீர் தடுக்கும். கீரைச் சோற்றோடு வேகவைக்காத தக்காளிச் சட்னியை வைத்துக்கொண்டு, வனிலா தேநீரை ஓரிரு மணிநேரம் தள்ளிப்போடுவது, இரண்டில் எந்தக் கீரை என்ற தேர்வைவிடப் பயன்தரலாம். கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். தாளிக்கும் எண்ணெயை முற்றிலும் நீக்க வேண்டாம்.

கடைகளில் விற்கும் முருங்கைப் பொடியை இந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பாலைவிடப் பதினேழு மடங்கு கால்சியம் என்ற விளம்பரம், 100 கிராம் உலர்பொடியில் 2000 மில்லிகிராம் என்ற எண்ணை நீர் மிகுந்த 100 கிராம் பாலோடு வைத்துப் பெறப்பட்டது. ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறத்தாழ 2 கிராம். அதில் கிடைப்பது 40 மில்லிகிராம். ஒரு குவளைப் பாலில் 240 மில்லிகிராம் இருக்கும்.

வைட்டமின் ஏ-யும் புரதமும் வேண்டுமானால் முருங்கை. ஃபோலேட் வேண்டுமானால், அல்லது கையிருப்புப் பணத்துக்கு அதிகக் கீரை வேண்டுமானால் தண்டுக்கீரை. இரும்புக்கு எது அதிகம் உண்ண முடிகிறதோ அது. நோயுள்ளவர்களுக்கு இந்தத் தேர்வு வேறு வகையில் அமையும். தண்டுக்கீரையில் 100 கிராமுக்கு 611 மில்லிகிராம் பொட்டாசியம், முருங்கையில் 337. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் கீரையைத் தனியாக வேகவைத்து நீரைக் கொட்டிவிட வேண்டும், புயோனை விட்டுவிட வேண்டும். சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்ஸலேட் கல் வந்தவர்கள் தண்டுக்கீரையைக் குறைத்துக்கொள்வது நல்லது. தண்டுக்கீரையில் இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே மிக அதிகம், 100 கிராமுக்கு 1140 மைக்ரோகிராம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள், விரதம் தொடங்கியதும் திடீரென்று தினமும் கீரை உண்ணத் தொடங்காமல், அளவை மாற்றப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொள்ள வேண்டும்.