தண்ணீர் ராக்கெட்டில் உயரமானி பொருத்துவது எப்படி?

தமிழ்ப்பள்ளித் திடலில், போத்தலில் தண்ணீர் ஊற்றிக் காற்றடைத்து விட்ட ராக்கெட் செம்பனை உச்சியைத் தாண்டியதை எல்லாரும் பார்ப்பார்கள். எத்தனை மீட்டர் போனது என்று கேட்டால்தான் பதில் வராது. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற டவுனில் இருந்துகொண்டே அதை அளந்துவிடலாம். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: உயரமானி அளப்பது உயரத்தை அல்ல, காற்றழுத்தத்தை. நம் வெயிலில் சுமார் 9 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும். அந்தச் சின்ன மாற்றம் கெடாமல் உணரியிடம் போய்ச் சேர வேண்டும். கீழே சொல்லும் வேலை முழுவதும் அதற்காகத்தான்.

தேவையானவை: 1.5 லிட்டர் காஸ் பானப் போத்தல் இரண்டு (மினரல் வாட்டர் போத்தல் அழுத்தம் தாங்காது), பிஎம்பி280 காற்றழுத்த உணரி, அதன் அளவைப் பதியும் 3.3 வோல்ட் ஆர்டுயினோ புரோ மினி போர்டு, 150 எம்ஏஎச் லித்தியம் பாலிமர் பேட்டரி, கறுப்பு ஸ்பாஞ்சு, மூக்கில் எடைக்கு வைக்கப் பிளாஸ்டிசின். 9 வோல்ட் பேட்டரி வேண்டாம், அது மட்டுமே 45 கிராம் வரும். உணரிக்கு 5 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும்.

முதலில் கருவியை வைக்கும் அறை. இரண்டாவது போத்தலின் மேல்பாதியை வெட்டி, காற்றடைக்கும் முதல் போத்தலின் அடிப்பக்கத்தில் (வாய் கீழே இருப்பதால் ராக்கெட்டுக்கு அதுதான் தலை) தொப்பி மாதிரி செருகி டேப் ஒட்டுங்கள். காற்றடைக்கும் போத்தலைத் துளைக்கவோ, உப்புத்தாளால் தேய்க்கவோ, அதன்மேல் சூடான பசை வைக்கவோ கூடாது. அங்கே பலவீனமாகி வெடிக்கும்.

அடுத்தது துளைகள். பலர் தவறுவது இங்கேதான். மூக்கு நுனியில் துளை போட்டால் எதிர்க்காற்று உள்ளே மோதும். வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் அந்த மோதல் மட்டும் 3.6 ஹெக்டோபாஸ்கல். அதாவது, மேலே ஏறும் ராக்கெட் 32 மீட்டர் தரைக்குள் இறங்கியதாக உயரமானி நினைக்கும்! மூக்கு வளைவு முடியும் இடத்திலோ அழுத்தம் குறையும், உயரம் கூடுதலாகத் தெரியும். உச்சியில் வேகம் குறைந்துவிடுவதால் அந்த எண் அவ்வளவாகக் கெடாது. ஆனால் உயரமானியை வைத்துப் பாராசூட் திறப்பதாக இருந்தால் நேரம் தப்பிவிடும். ஆகவே போத்தலின் நேரான பகுதியில், வளைவிலிருந்து முடிந்த அளவு கீழே, சம இடைவெளியில் 4 துளைகள் போடுங்கள். 9 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. நீளமும் உள்ள அறைக்கு ஒவ்வொன்றும் 2 மி.மீ. போதும். ஒரே துளை என்றால், ராக்கெட் சற்றுச் சாய்ந்தாலும் ஒரு பக்கக் காற்றையே படிக்கும். துளையின் விளிம்பில் பிசிர் இருக்கக் கூடாது.

ராக்கெட் கிளம்பும்போது புவியீர்ப்பைப்போல 40 மடங்கு உலுக்கல் வரலாம். பேட்டரியைக் கீழேயும் போர்டை மேலேயும் கட்டுங்கள். மாற்றி வைத்தால் பேட்டரி இறங்கிப் போர்டை நசுக்கும். உணரியின் மேல் ஸ்பாஞ்சை லேசாக மூடுங்கள். நீர்த்துளியோடு வெளிச்சத்தையும் அது தடுக்கும். நேரடி வெயில் பட்டாலே அளவு மாறும்.

கருவி ஏறிய எடைக்கு மூக்கிலுள்ள பிளாஸ்டிசினைக் குறைத்துவிடலாம். பிறகு, தண்ணீர் இல்லாமல், நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சமநிலைப் புள்ளியைக் குறியுங்கள். ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வெட்டினால், அந்த அட்டை சமநிலையில் நிற்கும் இடம் இன்னொரு புள்ளி. முதல் புள்ளி இரண்டாவதைவிட 9 செ.மீ. ஆவது மூக்குப் பக்கம் இருக்க வேண்டும்.

புரோகிராமில் வினாடிக்கு 20 அளவு போதும். ஒவ்வொன்றும் 2 பைட் என்றால் போர்டின் 1 கிலோபைட் நினைவகத்தில் 25 வினாடி பதியும். 3 மீட்டர் ஏறிய பிறகு பதியத் தொடங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பம்பு அடிக்கும்போதே நினைவகம் நிரம்பிவிடும்.

காலையிலேயே விடுங்கள். மாலை இடிமழை நெருங்கும்போது காற்றழுத்தம் தானாகவே மாறும். அரை லிட்டர் தண்ணீர், பம்பின் அழுத்தமானியில் 60 பிஎஸ்ஐ காட்டும் அளவு காற்று, எல்லாரும் பத்து மீட்டருக்கு அப்பால்.

கிடைத்த எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். அழுத்தத்தை உயரமாக மாற்றும் வழக்கமான சூத்திரம் 15 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்கிடுகிறது. நிழலில் 32 டிகிரி என்றால், இரண்டு வெப்பத்தோடும் 273-ஐக் கூட்டி, 305-ஐ 288-ஆல் வகுத்து, அதால் பெருக்குங்கள்: 40 மீட்டர் காட்டினால் உண்மையில் 42.4 மீட்டர். அடுத்த தடவை விடுவதற்கு முன் நான்கு துளைகளையும் பாருங்கள். திடலில் தலைகுப்புற விழுந்த ராக்கெட்டில் சேறு அடைத்திருக்கும்.