காருக்கு சன் ஃபிலிம்: நாமே ஒட்டும்போது நடக்கும் தவறுகள், கடையில் கவனிக்க வேண்டியவை

ஆன்லைனில் வாங்கிய சன் ஃபிலிம் சுருள் வீட்டுக்கு வந்ததும், பெரிய கண்ணாடியை முதலில் முடித்துவிடலாம் என்று பின்கண்ணாடியில் கை வைப்பவர்கள் அதிகம். ஆனால் கார்க் கண்ணாடிகளில் ஒட்டுவதற்கு ஆகக் கடினமானதே அதுதான். குறுக்கிலும் மேல்கீழாகவும் ஒருசேர வளைந்திருப்பதால், தட்டையான ஃபிலிம் அதன்மேல் மடிப்பு மடிப்பாக நிற்கும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சுருக்கித்தான் படிய வைக்க வேண்டும். ஃபிலிம் ஒரு திசையில்தான் நன்றாகச் சுருங்கும். திசை மாற்றி வெட்டிவிட்டால் எவ்வளவு சூடு காட்டினாலும் மடிப்பு போகாது. சூட்டை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஃபிலிம் பொசுங்கும், சில நேரம் கண்ணாடியே உடையும். பின்கண்ணாடியைக் கடையில் விட்டுவிடுங்கள். கதவுக் கண்ணாடிகள் நான்கும் பொறுமை உள்ள யாருக்கும் கைவரும்.

கத்தியை எடுக்கும் முன் சட்டம். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 100. அளவு எதுவானாலும் ஃபிலிமே கூடாது என்று 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தை வைத்து, அளவுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம் என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கேரளத்துத் தீர்ப்பு. வாளையாறு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்த பிறகு அதை மட்டும் நம்பி போலீஸிடம் வாதாடுவது சிரமம்.

கணக்கிலும் ஒரு பிழை பரவலாக நடக்கிறது. பக்கக் கண்ணாடிக்கு 50 சதவீதம் என்றால் 50 சதவீத ஃபிலிம் வாங்கினால் சரி என்று நினைக்கிறார்கள். வெறும் கண்ணாடியே சுமார் 75–80 சதவீதம்தான் விடும். 75-ல் பாதி 37.5, சட்டம் கேட்கும் 50-க்குக் கீழே போய்விட்டது. 70 சதவீத ஃபிலிம் போட்டால்தான் 52-லிருந்து 56-க்குள் நிற்கும். முன்கண்ணாடியில் 90 சதவீத ஃபிலிம்கூட நூலிழைதான்.

கறுப்பாக இருந்தால் சூடு குறையும் என்பதும் தவறு. சாயம் ஏற்றிய மலிவு ஃபிலிம் இருட்டாகத் தெரியும், வெப்பத்தை அவ்வளவாகத் தடுக்காது. சில வெயில்காலம் தாண்டினால் ஊதா நிறமாகி, குமிழ் கட்டும். கடையில் விளக்கைக் காட்டி, கையை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அது அகச்சிவப்பு விளக்கு. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் அகச்சிவப்பு. கேட்க வேண்டியது மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கிறது என்ற எண்ணை. உலோகப் பூச்சு ஃபிலிமை முன்கண்ணாடியில் ஒட்டினால் ஃபாஸ்டேக்கை டோல் கேட் ரீடர் படிக்காமல் போகலாம், ஜிபிஎஸ்ஸும் தடுமாறலாம். செராமிக்கில் அந்தத் தொல்லை இல்லை, விலை கூடுதல்.

இனி ஒட்டும் வேலை. பாதிப் பேரின் உழைப்பைக் கெடுப்பது தூசி. மரத்தடியிலோ தெருவோரத்திலோ ஒட்டாதீர்கள். ஃபேன் ஓடாத, தரையில் தண்ணீர் தெளித்த ஷெட் போதும். கண்ணாடியைவிட மோசமான இடம், அது இறங்கும் விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டையான பீடிங். அதன் இழையில் ஒளிந்திருக்கும் மண், தண்ணீர் பட்டதும் ஃபிலிமுக்கு அடியில் வந்து உட்காரும். பீடிங்கை முதலில் ஊதிச் சுத்தம் செய்து, மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்கள். பவர் விண்டோ சுவிட்ச் மேல் துண்டு போடுங்கள்.

தெளிப்பதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு. குறைந்தால் ஃபிலிம் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. கூடினால் பசை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு அடியில் புள்ளியாகக் காயும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது.

ஃபிலிம் ஒட்டுவது உள்பக்கம், அளவு வெட்டுவது வெளிப்பக்கம். வெட்டும்போது, பசையை மூடியிருக்கும் உரிதாளான லைனர் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும்; மாறினால் துண்டு இடம்வலம் மாறிப் பயன்படாது. எது லைனர் என்று தெரியவில்லையா? மூலையின் இருபுறமும் செலோடேப் ஒட்டி இழுங்கள், பிரிந்து வருவது லைனர். ஸ்டெயின்லெஸ் பிளேடுதான் வேண்டும், கார்பன் பிளேடு கண்ணாடியைக் கீறும். ஓரிரு வெட்டுக்கு ஒருமுறை நுனியை ஒடித்துவிடுங்கள். கீழ்ப்பக்கம் பீடிங்குக்குள் போக அரை சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள். 50 செ.மீ. சுருள் கண்ணாடியின் உயரத்துக்குப் போதுமா என்பதையும் இந்த அரை சென்டிமீட்டரைச் சேர்த்து அளந்த பிறகே வாங்குங்கள்.

லைனரை உரிக்கும்போது ஃபிலிமில் மின்னேற்றம் உண்டாகி, காற்றிலுள்ள தூசியை இழுக்கும். ஒருவர் உரிக்க, இன்னொருவர் பசைப்பக்கம் தெளித்துக்கொண்டே வர வேண்டும். தனியாளாகச் செய்வதில்தான் மடங்கி ஒட்டிக்கொள்வது நடக்கிறது. கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி, மேல் விளிம்பை முதலில் படிய வையுங்கள். பிறகு முழுவதும் ஏற்றிக் கீழ்ப்பகுதியைப் பீடிங்குக்குள் செருகி, தண்ணீர் வழிக்கும் பட்டையான ஸ்க்வீஜியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள்.

முடித்ததும் கண்ணாடியை இறக்கிப் பார்க்கத் தோன்றும். குறைந்தது 3 நாள், மழைக்காலத்தில் ஒரு வாரம் சுவிட்சைத் தொடாதீர்கள். இல்லாவிட்டால் கீழ் விளிம்பு சுருண்டு உரியும். மங்கலாக, சின்னச் சின்னக் கொப்புளமாகத் தெரிவது தண்ணீர்; 2–3 வாரத்தில் காய்ந்துவிடும். அதைக் குத்தி ஓட்டை போட வேண்டாம். விரலில் நெருடும் புள்ளி மட்டும் தூசி, அது போகாது. ஒரு மாதம் வரை உள்பக்கம் துடைக்க வேண்டாம். அப்புறமும் அம்மோனியா கலந்த கிளீனர் ஆகாது.

கடைக்குப் போகிறவர்கள் ஏமாறுவது வேறு இடத்தில். பெட்டியில் ஒரு பிராண்டு, காரில் வேறொன்று. சுருளை உங்கள் முன் பிரிக்கச் சொல்லுங்கள்; சீரியல் எண்ணோடு வாரன்டி பதிவைக் கேளுங்கள். திறந்தவெளியில் ஒட்டும் கடையாக இருந்தால் திரும்பிவிடலாம். பின்கண்ணாடியில் பழைய ஃபிலிம் இருந்தால், அதை எப்படி எடுப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிளேடால் சுரண்டுவேன் என்றால் கண்ணாடியில் படியும் பனியைச் சூடேற்றிப் போக்கும் டீஃபாகர் கோடுகள் அறுந்துபோகும். நீராவி காட்டி மெதுவாக உரிப்பவரிடம் கொடுங்கள்.