சோக் இழுத்தும் கிளம்பாத ஆர்எக்ஸ் 100

புதுப்பித்தெடுத்த என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், காலைக் குளிரில் கால் ஓயும்வரை உதைத்தாலும் கிளம்பாது. சூடேறிவிட்டால் லேசாக ஓர் உதை போதும்.

ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன். பொறி முன்பும் நன்றாகவே இருந்தது. எஞ்சினுக்குள் போகும் கலவையைத் திரும்ப விடாத ரீட் வால்வின் இதழ்கள் சரியாக மூடின. மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைக் கழற்றி ஊதியும் பலனில்லை.

துப்புக் கொடுத்தது பிளக்தான். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்து அத்தனை உதை உதைத்த பிறகும் அதில் பெட்ரோல் ஈரமே இல்லை. சூடான எஞ்சினில் சோக்கை இழுத்தால் ஓட்டம் திணற வேண்டும். இதில் சத்தம்கூட மாறவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இந்த வகை மிக்குனி கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை மறைக்கும் தகடு அல்ல, கூடுதல் பெட்ரோலை உறிஞ்சும் தனிவழி. மேலிருந்து இறங்கும் பித்தளைக் குழாய், பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் ஓரத்திலுள்ள சிறு கிணற்றுக்குள் நிற்கும். அந்தக் கிணற்றுக்குப் பெட்ரோல் வரும் துளை ஊசிமுனை அளவுதான். பலரும் கிண்ணத்தைத் துடைத்து மாட்டிவிடுவார்கள். துளை கண்ணிலேயே படாது.

டார்ச் அடித்துப் பார்த்தேன், மறுபக்கம் ஒளி வரவில்லை. பழைய கேபிளின் ஒற்றை இழையால் குத்தியதும் பொடிக் கண்ணாடி மணி ஒன்று உதிர்ந்தது. மெருகேற்றுவதற்காகப் பட்டறையில் கார்புரேட்டர்மேல் கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் வீசியபோது சிக்கியது அது. கிளீனர் தெளித்ததும் நேராகப் பீய்ச்சியது.

இப்போது மார்கழிக் காலையிலும் ஓரிரு உதையில் கிளம்பிவிடுகிறது. பெரிய நிம்மதி.